41 வருடம் பிந்திய சுற்றுலா

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் 1983ஆம் ஆண்டு க.பொ.த. சாதாரண தர வகுப்பினர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



ஒவ்வொரு வகுப்பும் பாடசாலைக் காலத்து நினைவு ஒன்றைப் பேச வேண்டும் என்று செயற்குழு சொன்னது. மற்ற வகுப்பினர் நெட்போல் போட்டி, நாடகம், கலைமகள் விழா என்று நடந்தவற்றைப் பேசினார்கள். நாங்கள் பேசப்போவது நடக்காமல் போன ஒரு சுற்றுலாவைப் பற்றி. இந்த உரையை ஒருத்தி எழுதினாள், பத்துப் பேர் திருத்தினார்கள். எங்கேயாவது முன்னுக்குப் பின் முரணாக இருந்தால் அது எங்கள் வகுப்பின் குணம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

1983ஆம் ஆண்டு எங்கள் வகுப்பில் 38 பேர். பாதிக்கு மேல் தோட்டத்துப் பிள்ளைகள். ஸ்பிரிங்வெலி, ஹாலிஎல, தெமோதரை, பசறைப் பக்கத்து லயங்களிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்தவர்கள். மீதிப்பேர் பதுளை டவுனில் கடை வைத்திருந்தவர்களின் பிள்ளைகள். 38 பேரில் கடலைப் பார்த்தவர்கள் மூன்றே பேர். அதில் ஒருத்தி கைக்குழந்தையாக இருந்தபோது பார்த்தவள். அவளுக்கு ஞாபகம் இல்லை.

எங்கள் புவியியல் டீச்சருக்கு இது பொறுக்கவில்லை. ஒரு நாள் கரும்பலகையில் நமது மலையை வரைந்தார். மேற்குப் பக்கம் விழுகிற மழை பதுளு ஓயாவில் சேர்ந்து, துன்ஹிந்தையில் குதித்து, மகாவலியோடு திருகோணமலைப் பக்கம் போகிறது. கிழக்குச் சரிவில் விழுகிற மழை கும்புக்கன் ஓயாவில் இறங்கி, மொனராகலைச் சீமையைக் கடந்து, குமணைக் காட்டுக்குள் புகுந்து கடலில் சேர்கிறது. "உங்க வீட்டுக் கூரைத் தண்ணி போற இடத்தை நீங்க பாத்ததில்லையே பிள்ளைகளா" என்றார். அந்த ஒரு வசனத்தில் சுற்றுலா தீர்மானமாயிற்று. ஓகஸ்ட் விடுமுறையில் இரண்டு நாள்: பொத்துவில், பாணமை, உகந்தை, குமணை.

ஆளுக்கு 40 ரூபாய். இன்று கேட்டால் சிரிப்பீர்கள். அன்றைக்கு அது அம்மாவின் இரண்டு நாள் பேருக்கும் மேல். மழை பெய்து அரைப்பேர் விழுந்த வாரங்களில் எங்களில் பலருக்கு இரண்டு ரூபாய்கூடக் கொண்டுவர முடியாது. ஐம்பது சதம், ஒரு ரூபாய் என்று கொண்டுவந்து கொடுப்போம். வாங்கிக் கொப்பியில் பதிந்து, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கும் பொறுப்பு எங்கள் வகுப்பிலேயே கணக்கில் முதல் வருகிறவளுக்கு. அவளை நாங்கள் 'பொருளாளர்' என்று கூப்பிடுவோம். மலரில் தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். அதனால் இங்கும் பொருளாளர் என்றே சொல்கிறோம்.

ஜூலை 27, புதன்கிழமை, பதுளை எரிந்தது. அதை அனுபவித்தவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். விவரிக்க வேண்டியதில்லை. எங்களில் மூன்று பேரின் அப்பாமாருடைய கடைகள் போயின. எங்களில் இருவரை அயலிலிருந்த ஒரு சிங்களக் குடும்பம் நான்கு நாள் தன் வீட்டு அறைக்குள் வைத்துப் பூட்டிக் காப்பாற்றியது. அந்த அம்மாவை ஒவ்வொரு வருடமும் சித்திரைப் புத்தாண்டுக்குப் போய்ப் பார்த்து வந்தோம், அவர் இருக்கும்வரை.

பாடசாலை மறுபடி திறந்தபோது வகுப்பில் ஏழு இடங்கள் வெறுமையாக இருந்தன. சிலர் இந்தியாவுக்கு, சிலர் வன்னிக்கு. பொருளாளரின் குடும்பம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. டின்னும் இல்லை, கொப்பியும் இல்லை.

இனி வருவது சொல்ல வெட்கமான பகுதி. இதை எழுதத்தான் வேண்டுமா என்று எங்களுக்குள் வாக்குவாதமே நடந்தது. "டின்னைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டா" என்று யாரோ ஒருத்தி சொன்னாள். யார் முதலில் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. தெரிந்தவள் இருந்தாலும் வாய் திறக்கமாட்டாள். ஆனால் ஒருத்திகூட மறுத்துப் பேசவில்லை என்பது நிச்சயம். ஊரே எரிந்து, வீடு வாசல் போய், உயிர் தப்பி ஓடியவளைப் பற்றி, பதினாறு வயதில் எங்களுக்குத் தோன்றியது அதுதான். பிறகு வயது வந்து, கலியாணம் முடித்து, எங்காவது சந்தித்துக்கொள்ளும்போதெல்லாம் "நம்ம டின் என்னாச்சு" என்று கேட்டுச் சிரிப்பது வழக்கமாகிவிட்டது. டீச்சர் ஒருமுறை அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் இப்போது இல்லை.

2020இல் கொரோனாவில் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தபோது வட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினோம். ஒருத்தி டொரொண்டோவில், ஒருத்தி நீலகிரி கூடலூரில் டேன்டீ தோட்டத்துப் பக்கம், இரண்டு பேர் கொழும்பில், ஒருத்தி குவைத்தில் பதினெட்டு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவள். (கடலை முதல் முதலாகப் பார்த்தது விமானத்தின் ஜன்னலிலிருந்து என்று அவள் சொன்னாள். எங்களில் நாலைந்து பேருக்கு அப்படித்தான்.) 2023இல் ஒருத்தியின் மகள் அக்கரைப்பற்றில் ஒரு கலியாண வீட்டில் எடுத்த படத்தைப் போட்டாள். ஓரத்தில் சோறு பரிமாறிக்கொண்டிருந்த பெண்ணின் நெற்றித் தழும்பை வைத்து நாங்கள் அடையாளம் கண்டோம். பொருளாளர். எங்களிடமிருந்து மூன்று மணித்தியாலப் பயண தூரத்தில் நாற்பது வருடமாக இருந்திருக்கிறாள்.

குழுவில் சேர்த்தோம். முதல் நாள் ஒரே ஒரு குரல் செய்தி வந்தது. "என்னையச் சேத்துக்கிட்டதுக்கு நன்றி. உங்க காசு எங்கிட்ட இருக்கு." இரண்டு நாள் குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை. மூன்றாம் நாள் கூடலூர்க்காரி எழுதினாள்: "அப்ப டூர் போவமா?"

அப்படித்தான் 2024 ஜூன் நடுப்பகுதியில், ஒரு வானில் பதினொரு பேர் பதுளையிலிருந்து கிளம்பினோம். பதினொரு பேருக்கும் மொத்தம் நல்ல முழங்கால் ஐந்தாறுதான் தேறும். பதுளைக்கு ரயில் வந்ததும் 1924இல்தான். ரயிலுக்கு நூறு வயது, நம் சங்கத்துக்கும் ஏறத்தாழ அதே வயது, நடுவில் நாங்கள் என்று ஸ்டேஷன் வாசலில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டோம்.

வழியை இனிப் போகப்போகிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறோம். பசறை வரை தேயிலை. நமுனுகுல மலை பின்னால் நீலமாக நின்றுகொண்டே வரும், நெடுநேரம் விடாது. பசறை தாண்டி இறங்க இறங்கக் காது அடைக்கும், காற்று சூடாகும். மொனராகலைப் பக்கம் றப்பர். றப்பர் தோட்டத்திலும் நம் சனங்கள் இருக்கிறார்கள். விடியவே பால் வெட்டிவிட்டு வாளியோடு வருகிறவர்களைப் பார்த்ததும் வானை நிறுத்திக் கதைத்தோம். சியம்பலாண்டுவ தாண்டியதும் உலகமே வேறு. பாலையும் வீரையும் நிற்கிற வரண்ட காடு, வயல்வெளி, மின்சார வேலி. லகுகலைக் குளத்தருகே சாலையிலிருந்தே யானைகளைக் கண்டோம். குளத்துக்குள் ஆளுயரப் புல்லில் பதினான்கு யானைகள் நின்று, பிடுங்கி உதறி, உதறி வாயில் வைத்துக்கொண்டிருந்தன. 1980இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட இடம் அது. பரப்பு சிறியது, ஆனால் யானைக்கு அந்தக் குளமும் அந்தப் புல்லும் போதும். நாங்கள் இறங்கி நின்றபோது அவ்வழியே வந்த ஒரு பெரியவர், "இறங்காதீங்க பிள்ளைகள், தனியன் ஒண்டு இந்தப் பக்கம் நிக்குது" என்று சத்தம் போட்டார். 57 வயதில் பிள்ளைகள் என்று கூப்பிட ஒருவர் இருந்தது சந்தோஷம்தான். ஆனாலும் ஓடி ஏறினோம்.

பொத்துவில் பஸ் நிலையத்தில் அவள் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோளில் ஒரு துணிப்பை. நாங்கள் கட்டிப்பிடித்து அழுவோம் என்று நினைத்திருந்தோம். ஒருத்தரும் அழவில்லை. "என்னடீ இவ்ளோ லேட்" என்றாள். வானில் ஏறி, கடல் பக்கத்து ஜன்னலை நாங்கள் விட்டுக்கொடுத்தபோது வேண்டாம் என்று மறுபக்கத்தில் உட்கார்ந்தாள். அதை அப்போது நாங்கள் கவனிக்கவில்லை.

அறுகம் குடா, அந்த ஊர்க்காரர் வாயில் உல்லை, இப்போது வெள்ளைக்காரப் பிள்ளைகளின் ஊர். ஏப்ரல் கடைசியிலிருந்து ஒக்டோபர் வரை அலைச் சறுக்குப் பலகையோடு வந்துவிடுகிறார்கள். எங்களுக்கு அங்கே வேலை இல்லை. களப்புக்கு மேலே உள்ள பாலத்தைக் கடந்தோம். பழைய பாலம் 2004 சுனாமியில் சேதமாகி, இப்போதிருப்பது அமெரிக்க உதவியில் கட்டி 2008இல் திறந்தது. தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றரில் பாணமை. வீதியின் இருபுறமும் வயல், இடையிடையே வட்டக் கல்மலைகள், மயில், எருமைகள், அவற்றின் முதுகில் கொக்குகள்.

பாணமை ஒரு விசித்திரமான ஊர். இல்லை, விசித்திரம் எங்களுக்குத்தான். அவர்களுக்கு அது சாதாரணம். இந்த ஊரில் தமிழரும் சிங்களவரும் தலைமுறை தலைமுறையாகக் கலியாணம் கலந்து வாழ்ந்திருக்கிறார்கள். நூர் யல்மன் என்ற மானிடவியலாளர் இந்தக் கலப்புத் திருமணங்களைப் பற்றி 1962லேயே எழுதியிருக்கிறார். நாங்கள் தங்கிய வீட்டு அம்மா எங்களோடு சிங்களம் கதைத்தார், தன் மாமியாரோடு தமிழ் கதைத்தார், நாயைத் திட்டுவதற்கு இரண்டையும் வைத்திருந்தார். அவர்களுக்குப் பத்தினித் தெய்யோ. மட்டக்களப்பாருக்கு அதே தெய்வம் கண்ணகி அம்மன். இரண்டு கட்சியாகப் பிரிந்து கொம்பைக் கொளுவி இழுக்கிற 'அங்கெலிய' விளையாட்டு அந்தத் தெய்வத்துக்காகத்தான். மட்டக்களப்புப் பக்கம் கொம்புமுறி என்பார்கள். மழைக்கும் நோய்நொடி நீங்கவும் ஆடுவது. எங்கள் டவுனில் 1983இல் வீட்டுக்கு வீடு பெயர்ப் பட்டியல் பார்த்தவர்கள் இந்த ஊருக்கு வந்திருந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்று குழம்பியிருப்பார்கள் என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். வீட்டு அம்மாவுக்கு அது புரிந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

அவர்களுக்கும் ஒரு கதை இருந்தது. 2010 ஜூலையில் ஓர் இரவு, கரையோரத்தில் பயிர் செய்து வாழ்ந்த குடும்பங்களை ஆயுதத்தோடு வந்தவர்கள் விரட்டியடித்தார்கள். குடிசைகள் எரிந்தன. பிறகு அந்த நிலத்தில் படை முகாம்கள் வந்தன. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 2015 பெப்ரவரியில் அமைச்சரவை தீர்மானித்தது. தீர்மானத்துக்கும் மண்ணுக்கும் உள்ள தூரத்தைப் பற்றி அந்த அம்மா நெடுநேரம் பேசினார். இருநூறு வருடம் மலையில் உழைத்தும் ஏழு பேர்ச் காணிக்கு இன்னும் காத்திருக்கிற சனத்திடம் அவர் இதைச் சொன்னார். அந்த இரவு சாப்பாட்டு மேசையில் எங்களுக்குள் மொழி ஒரு தடையாக இருக்கவில்லை.

மறுநாள் விடியவே ஜீப்பில் உகந்தைக்கு. பாணமைக்கு அப்பால் பெரிய கடை கண்ணி கிடையாது. தண்ணீர், சாப்பாடு, மாத்திரை எல்லாம் கையோடு கொண்டுபோக வேண்டும். செம்மண் பாதை, இரு பக்கமும் முட்காடு. வழியில் குடும்பிகலை ஆரணியம். கல்மலைகளுக்குள் பிக்குமார் தியானம் செய்கிற குகைகள். உச்சியில் ஒரு சின்னத் தாதுகோபம் வெள்ளையாகத் தெரியும். ஏற ஆசைப்பட்டோம், முழங்கால்கள் தடுத்தன.

உகந்தையில் முருகன் கோயில் மலையடிவாரத்தில். மேலே வள்ளியம்மைக்குத் தனியாகக் கோயில். பாறையில் ஆங்காங்கே சுனைகள். கோடையிலும் தண்ணீர் நின்றது. முருகன் கல்லோடத்தில் வந்து இறங்கிய இடம் இதுதான் என்று சொல்வார்கள். கரையில் ஓடம் போன்ற பாறையைக் காட்டுகிறார்கள். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கடற்கரையோரமாக நடந்து வருகிற பாதயாத்திரை அடியார்கள் இங்கே தங்கி, காட்டுப்பாதை திறந்ததும் குமணை, யால வழியாகக் கதிர்காமம் போகிறார்கள். எங்கள் பாட்டிமார் வெல்லவாய, புத்தல வழியாக மலையிலிருந்து நடந்தார்கள். இவர்கள் கடல் வழியாக நடக்கிறார்கள். நாங்கள் போனபோது பாதை திறக்க இன்னும் இரண்டொரு வாரம் இருந்தது. ஆனாலும் மடத்தில் ஒரு கிழவி முன்கூட்டியே வந்து காத்திருந்தார். "பிந்தினா காலு ஏலாது, அதான் முந்தி வந்துட்டன்" என்றார். நாற்பத்தொரு வருடம் பிந்தி வந்தவர்களிடம் இதைச் சொன்னார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

காட்டின் வாசலும் உகந்தையில்தான். குமணை 1938இல் பறவைகள் சரணாலயமானது. 1970இல் யால கிழக்கு தேசிய பூங்கா. குமணை என்ற பெயரை 2006இல் திரும்பப் பெற்றது. யுத்தத்தால் 1985இலிருந்து 2003 வரை மூடிக் கிடந்தது. எங்கள் டூர் 1983இல் நடந்திருந்தால் மூடுவதற்கு முந்திய கடைசிக் கூட்டத்தில் நாங்களும் இருந்திருப்போம். பரப்பு 35,664 ஹெக்டேயர். அத்தனையையும் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். பார்க்க வேண்டியது வில்லு. ஏறத்தாழ 200 ஹெக்டேயர் சதுப்பு. கண்டல் மரங்கள் தண்ணீருக்குள் நிற்கின்றன. மே, ஜூன், ஜூலையில் ஒரு மரத்தில் இலை எத்தனையோ அத்தனை பறவை. சங்குவளை நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், நத்தைகொத்தி, வக்கா, கொக்கிலேயே மூன்று நாலு வகை. குஞ்சுகளின் சத்தமும் எச்சத்தின் நாற்றமும் தாங்க முடியாது. மாவட்ட மட்டப் போட்டிக்குப் பாட்டுப் பழகிய காலத்து எங்கள் வகுப்பறை மாதிரி இருந்தது. கூழைக்கடாத் தாயின் தொண்டைப் பைக்குள் குஞ்சு தலையை விட்டு மீன் எடுத்துத் தின்பதை ஒருத்தி இருபது நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐந்து பிள்ளை வளர்த்தவள். "இதுக்கும் அதே பாடுதான்" என்றாள்.

ஜீப்காரத் தம்பி சிறுத்தையைக் காட்டிவிட வேண்டும் என்று படாத பாடு பட்டார். எங்களுக்கு அதில் ஆர்வம் இல்லை. மடுல்சீமைக்காரி தெளிவாகவே சொன்னாள்: "தம்பி, எங்க தோட்டத்துல அது கொழுந்து மலைக்கே வருது. நாயைத் தூக்கிட்டுப் போவுது. அதைப் பாக்கக் காசு கட்டவா?" தம்பி முகம் வாடிப்போய், கரடி எச்சத்தைக் காட்டினார், அதைப் பாராட்டினோம்.

கும்புக்கன் ஓயாக் கரைக்கு வந்தபோது எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். பூங்காவின் தெற்கு எல்லை அந்த ஆறு. இரு கரையிலும் பெரிய பெரிய மருத மரங்கள். கும்புக் என்று சிங்களத்தில் சொல்வது நம் மருதைத்தான். வெள்ளைப் பட்டை, வேர்கள் மணலுக்குள் இறங்கிக் குளிர்ச்சியாக ஒரு மண்டபம் போல. கோடைத் தண்ணீர், கணுக்கால் அளவு, மெதுவாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. முதலை இருக்கும், இறங்க வேண்டாம் என்றார் தம்பி. நாங்கள் இறங்கவில்லை. லுணுகலைப் பக்கத்துக்காரி மட்டும் குனிந்து ஒரு கை அள்ளி முகத்தில் தெளித்துக்கொண்டாள். "எங்க வீட்டுக் கூரைத் தண்ணி" என்றாள். டீச்சரின் வசனம் அவளுக்கு ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை.

மாலை திரும்பி வந்து உகந்தைக் கடற்கரைப் பாறையில் உட்கார்ந்தோம். அந்தக் கடல் குளிக்கிற கடல் இல்லை. அலை பாறையில் மோதிப் பனை உயரம் எழும்புகிறது. ஒரு பக்கம் மணற்குன்று, ஒரு பக்கம் மீனவர் வாடிகள், காய்ந்த மீன் வாசம். நாங்கள் கடலைப் பார்த்து உட்கார்ந்தோம். பொருளாளர் கடலுக்கு முதுகைக் காட்டி எங்களைப் பார்த்து உட்கார்ந்தாள். துணிப்பையை எடுத்து மடியில் வைத்தாள்.

பஸ்காரருக்கு முற்பணம் கொடுக்க வேண்டும் என்பதற்காக அந்த வாரம் டின்னை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். ஓடும்போது பள்ளிக்கூடச் சட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். முகாமில் எட்டு நாள். ஐந்து பேர் குடும்பம், தம்பிக்குக் காய்ச்சல். பிறகு திருக்கோவில் பக்கம் இருந்த ஒரு தூரத்து உறவைத் தேடிப் போக வழிச் செலவு. "அப்பாவுக்கு அது பிள்ளைங்க காசுன்னு தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். திருப்பிக் குடுக்கணும்டீன்னு சொல்லிக்கிட்டே இருப்பா." 1990இல் மறுபடி இடப்பெயர்வு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது கொப்பி போனது. "அம்மாவும் போனா" என்றாள், அதே குரலில்.

பிறகு எழுந்து நின்றாள். வகுப்பில் பெயர் கூப்பிடுகிற வரிசையில், ஒன்றிலிருந்து 38 வரை, ஒவ்வொரு பெயரையும் அவள் கட்டிய தொகையையும் சொன்னாள். கொப்பி இல்லாமல். யார் இருபது, யார் முப்பத்திரண்டு ஐம்பது, யார் ஒரு தடவையும் கட்ட முடியாமல் அழுதது, எல்லாம். தன் பெயர் வந்தபோது "40, முழுசா" என்றாள். "மொத்தம் 1,147 ரூபா 50 சதம்" என்று முடித்தாள். காலமாகிவிட்ட நான்கு பேரின் பெயரையும் அதே வரிசையில்தான் சொன்னாள். அவளுக்கு அந்தச் செய்தி தெரியாது. நாங்கள் நடுவில் நிறுத்தவில்லை.

பையிலிருந்து உறைகளை எடுத்தாள். 37 உறைகள், ஒவ்வொன்றிலும் பெயர். உள்ளே ஆயிரம் ரூபாய். கட்டவே முடியாமல் போனவளுக்கும் உறை இருந்தது. "வட்டி எப்பிடிப் போடுறதுன்னு தெரியல்ல" என்றாள், கணக்கில் முதல் வந்தவள். வேண்டாம் என்றோம். கோபம் வந்துவிட்டது. "வாங்குங்கடீ. இது எங்கம்மா சொன்னது." வாங்கிக்கொண்டோம்.

வாங்கிய பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நாங்கள் அவளைப் பற்றிச் சொன்னதை, சிரித்ததை, எங்களில் ஒருத்தி அவளிடம் சொன்னாள். யார் சொன்னது என்பதை இங்கே சொல்லமாட்டோம். அவளுக்கு அந்தத் தைரியம் வந்தது பெரிய விடயம். பொருளாளர் உறைகளை அடுக்கிக்கொண்டே, "தெரியும்" என்றாள். "84இல ஒருத்தி எழுதியிருந்தா. எப்பிடியோ கடிதம் வந்து சேந்திச்சு. அம்மாவுக்கு மட்டும் காட்டல்ல." அதற்கு மேல் ஒன்றும் கேட்கவும் இல்லை, நாங்கள் மன்னிப்புக் கேட்டபோது ஒன்றும் சொல்லவும் இல்லை. இருட்டிக்கொண்டு வருகிறது, யானை வரும் என்று தம்பி கூப்பிட்டார். பாறையிலிருந்து இறங்கும்போது, முழங்கால் ஏலாத இரண்டு பேருக்கு அவள்தான் கை கொடுத்தாள்.

அன்று இரவு பாணமை வீட்டில் கூடலூர்க்காரியை வீடியோவில் கூப்பிட்டு, அவளுடைய உறையைக் காட்டினோம். அவள் அங்கே அழுதாள்.

இதை நாங்கள் இந்த மேடையில் சொல்வதற்கு ஒரு காரியம் இருக்கிறது. 37 உறைகளில் பதினொன்றை நாங்கள் வாங்கினோம். காலமான நால்வரின் உறைகளை அவர்களுடைய பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டோம். ஒன்பது பேருக்கு, கூடலூரும் டொரொண்டோவும் உட்பட, சேர்ப்பித்தாயிற்று. மீதி பதின்மூன்று உறைகள் சங்கச் செயலாளரிடம் இருக்கின்றன. 1983இல் எங்களோடு சாதாரண தர வகுப்பில் இருந்து, அந்த ஓகஸ்டுக்குப் பிறகு திரும்பி வராதவர்கள் நீங்கள் என்றால், அல்லது அவர்களை உங்களுக்குத் தெரியும் என்றால், இந்த மலர் எந்த ஊரில் உங்கள் கைக்குக் கிடைத்தாலும் சங்கத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். அடுத்த ஜூனில் மறுபடி போகிறோம். வானில் மூன்று இடம் இருக்கிறது.

உறையில் உள்ள தொகை சரியில்லை என்று தோன்றினால் எங்களிடம் சொல்ல வேண்டாம், பொருளாளரிடமே சொல்லுங்கள். ஏற்கனவே ஒரு வழக்கு நடக்கிறது. ஹாலிஎலக்காரி கட்டியது ஏழு ரூபாய் ஐம்பது சதம் என்று அவள் சொன்னாள். எட்டு ரூபாய் என்று இவள் சொல்கிறாள். திரும்பி வரும்போது பொத்துவிலில் அவள் இறங்கும்வரை அது தீரவில்லை. இப்போது வட்ஸ்அப்பில் தொடர்கிறது.